ஹெர்மன் ஹாலரித்

ஹெர்மன் ஹாலரித் (பெப்ரவரி 29, 1860 - நவம்பர் 17, 1929) ஓர் அமெரிக்கப் பொறியியலாளரும் புள்ளியியலாளரும் ஆவார். துளையட்டைகளைக் கொண்டு தரவுகளை எண்ணித் தொகுக்கும் மின்பொறியை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகின்றார். மனிதர் எழுதிய விடைகளைப் பொறி எண்ணக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதும், அம்மாற்றத்தில் நேரும் பிழைகளைக் கண்டறிவதும் இவரது பணியின் மையமாக அமைந்தன. எழுத்துத் தரவை எண்ணாக மாற்றும்போது இன்றைய நிரலாளர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சிலவற்றின் தொடக்கத்தைத் துளையட்டைகளின் வரலாற்றில் காணலாம்.

இளமைக்காலம்

ஹாலரித் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், செருமனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். கொலம்பியா சுரங்கவியல் பள்ளியில் பயின்று 1879 இல் பட்டம் பெற்றார். அங்கு இவரது ஆசிரியராக இருந்த வில்லியம் டிரோபிரிட்ஜ், 1880 ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணியாற்றியபோது ஹாலரித்தையும் தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

அக்கணக்கெடுப்பின் முடிவுகள் கையாலேயே தொகுக்கப்பட்டன. எழுத்தர்கள் படிவங்களைப் பார்த்துத் தாள்களில் கோடிட்டு எண்ணினர். சுமார் 5 கோடி மக்களைப் பற்றிய இவ்வேலை முடிவடைய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. கணக்கெடுப்பின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ், இவ்வேலையைப் பொறி ஒன்றினால் செய்ய இயலும் என்ற எண்ணத்தை ஹாலரித்திடம் தெரிவித்தார். இதனை ஹாலரித் பிற்காலத்தில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

1882 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்த ஹாலரித், பின்னர் வாஷிங்டனில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1884 இல் தமது முதலாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

துளையட்டையின் தோற்றம்

ஹாலரித் முதலில் நீண்ட காகித நாடாவில் துளையிடும் முறையைச் சோதித்தார். ஒருவருடைய விவரத்தை மட்டும் தேட வேண்டுமாயினும் நாடா முழுவதையும் ஓட்ட வேண்டியிருந்ததால் அதனைக் கைவிட்டு, ஒருவருக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு மாறினார். தொடர்வண்டிப் பயணத்தின்போது நடத்துநர் பயணச்சீட்டில் துளைகளிட்டு, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு முதலியவற்றைக் குறித்ததைக் கண்டதே இதற்குத் தூண்டுதலாக இருந்ததாக இவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒருவரது சீட்டை மற்றவர் பயன்படுத்துவதைத் தடுப்பதற்கே அத்துளைகள் இடப்பட்டன.

பால்ட்டிமோர் நகரின் இறப்புப் பதிவுகளைத் தொகுப்பதில் இம்முறை முதலில் சோதிக்கப்பட்டது. 1889 இல் இவரது அடிப்படைக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அடுத்த கணக்கெடுப்புக்கு உகந்த முறையைத் தெரிவு செய்ய, செயின்ட் லூயிஸ் நகரின் ஏறத்தாழ 10,500 பேரின் தரவுகளைக் கொண்டு ஒரு போட்டி நடத்தப்பட்டது. தரவைப் பதிய ஹாலரித்தின் முறைக்கு 72.5 மணி நேரமும் ஏனைய இரு முறைகளுக்கு 100.5, 144.5 மணி நேரமும் ஆயின. தொகுப்பதற்கு ஏனைய முறைகள் 44.5, 55.5 மணி நேரம் எடுத்துக்கொள்ள, ஹாலரித்தின் பொறி 5.5 மணி நேரத்தில் முடித்தது.

பொறி இயங்கிய முறை

1890 கணக்கெடுப்பில் பயன்படுத்தப்பட்ட அட்டையில் 12 கிடைவரிசைகளும் 24 நெடுவரிசைகளுமாக 288 துளையிடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடமும் ஒரு விடையைக் குறித்தது. ஆண், பெண், மணமானவர், பிறந்த இடம் போன்ற சொற்கள் இவ்வாறு துளையின் இருப்பிடமாக மாற்றப்பட்டன.

அட்டையை அழுத்திக்குள் வைத்து நெம்புகோலை இறக்கினால், துளை உள்ள இடங்களில் மட்டும் வில்லூசிகள் கீழிறங்கிப் பாதரசக் கிண்ணங்களைத் தொடும். அதனால் மின்சுற்று மூடப்பட்டு, அவ்விடத்திற்குரிய முட்பலகை ஓர் எண்ணிக்கை முன்னேறும். ஒரு பொறியில் இத்தகைய 40 முட்பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றும் 9,999 வரை எண்ணக்கூடியது.

பிழைகளைத் தடுக்கும் ஏற்பாடுகளும் இம்முறையில் இருந்தன. அட்டை சரியாகப் பதிவானால் மணி ஒலிக்கும். அட்டை ஒழுங்காக வைக்கப்படாமலோ தேவையான துளை இல்லாமலோ இருந்தால் மணி ஒலிக்காது. இயக்குபவர் அவ்வட்டையை ஒதுக்கி வைத்து மூலப் படிவத்துடன் ஒப்பிடுவார். ஒரே வட்டாரத்தின் அட்டைகள் அனைத்திலும் ஒரே இடத்தில் வட்டாரத் துளை இருக்கும் என்பதால், அடுக்கிய அட்டைகளின் ஊடாக ஒரு கம்பியைச் செலுத்தி, வேறு வட்டாரத்து அட்டை கலந்துள்ளதா எனச் சோதிக்க முடிந்தது. விளங்காத அட்டையைப் பொறி ஊகித்து எண்ணவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் படிவத்திலேயே இருந்த தவறான விடையை இவ்வேற்பாடுகளால் கண்டறிய இயலவில்லை.

குடும்பவாரியாக எண்ணப்பட்ட முதற்கட்ட மக்கள்தொகை சில வாரங்களிலேயே வெளியிடப்பட்டது. சுமார் 6.26 கோடி என்ற அத்தொகை பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால், சில செய்தித்தாள்கள் கணக்கெடுப்பையே குறை கூறின. இதே 1890 ஆம் ஆண்டில் கொலம்பியா இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

எண் புலங்கள்

1890 இன் அட்டை வகைகளை மட்டுமே எண்ணியது, தொகைகளைக் கூட்டவில்லை. 1890களின் நடுப்பகுதியில் நியூயார்க் சென்ட்ரல் தொடர்வண்டி நிறுவனத்தின் சரக்குக் கணக்குகளைக் கையாள்வதற்காக ஹாலரித் கூட்டும் பொறியை அமைத்தார். இதற்கான அட்டையில் ஒவ்வொரு நெடுவரிசையும் 0 முதல் 9 வரையான ஓர் இலக்கத்தைக் குறித்தது. அடுத்தடுத்த சில நெடுவரிசைகள் சேர்ந்து ஓர் எண்ணாயின. பின்னாளில் தரவுப் புலம் எனப்பட்ட கருத்து இவ்வாறு நடைமுறைக்கு வந்தது.

நிறுவனமும் இறுதிக்காலமும்

ஹாலரித் 1896 இல் பட்டியலிடும் பொறி நிறுவனத்தைத் தொடங்கினார். 1897 இன் உருசியக் கணக்கெடுப்பிலும் இவரது பொறிகள் பயன்படுத்தப்பட்டன. பின்னர் வாடகை தொடர்பில் அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகத்துடன் பிணக்கு ஏற்பட்டது. பணியகம் ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரைக் கொண்டு 1910 கணக்கெடுப்புக்கு வேறு பொறிகளை உருவாக்கிக்கொண்டது. 1911 இல் ஹாலரித்தின் நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டது. இணைந்த நிறுவனம் 1924 இல் ஐபிஎம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஹாலரித் 1921 வரை ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றார். 1929 இல் வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார்.

நிரலாக்கத்தில் தாக்கம்

80 நெடுவரிசை கொண்ட ஐபிஎம் அட்டை 1928 இல் வெளிவந்தது. அதில் இலக்கத்துக்கு ஒரு துளையும் ஆங்கில எழுத்துக்கு இரு துளைகளும் இடப்பட்டன. எழுத்துகளுக்கான இம்முறை ஹாலரித் வகுத்ததன்று எனினும் ஹாலரித் குறிமுறை என்றே வழங்கலாயிற்று. எதிர் எண்ணைக் குறிக்கக் கடைசி இலக்கத்தின் மேல் இன்னொரு துளை இடப்பட்டது. இதனால் எதிர் 12 என்ற எண்ணை எழுத்தாகப் படித்தால் 1 என்ற இலக்கமும் 'கே' என்ற எழுத்தும் கிடைக்கும். ஒரு புலம் எண்ணா, எழுத்தா என்பது முன்னரே தெரியாவிடில் ஒரே துளைகள் வேறு பொருள் தந்துவிடும்.

ஃபோர்ட்ரான் மொழியின் 1966 ஆம் ஆண்டுச் செந்தரத்தில் எழுத்துக்கெனத் தனித் தரவுவகை இருக்கவில்லை. ஹாலரித் மாறிலி எனப்பட்ட எழுத்துத் தொடர்கள் எண் மாறிகளிலேயே வைக்கப்பட்டன. அவற்றைத் தவறுதலாகக் கூட்டினாலும் பிழை அறிவிக்கப்படாமல் பொருளற்ற விடை கிடைக்கக்கூடும். மேலும் எண் புலத்தில் வெற்றிடம் சுழியமாகக் கொள்ளப்பட்டது. எனவே இரு நெடுவரிசைப் புலத்தில் 5 என்ற இலக்கம் ஓர் இடம் இடப்புறம் தள்ளித் துளையிடப்பட்டால், அது 50 எனப் படிக்கப்பட்டது. 1977 ஆம் ஆண்டுச் செந்தரம் எழுத்துத் தரவுவகையைச் சேர்த்ததுடன், வெற்றிடத்தைப் புறக்கணிப்பதா சுழியமாகக் கொள்வதா என்பதை நிரலாளரே குறிப்பிடவும் வழி செய்தது.

இச்சிக்கல் துளையட்டையுடன் முடிந்துவிடவில்லை. சி மொழியில் 'ஏ டி ஓ ஐ' என்ற செயற்கூறு, எண்ணாக மாற்ற இயலாத சரத்துக்கும் 0 என்ற விடையையே தருகின்றது. மெய்யான சுழியத்தை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. மாறாக, பைத்தான் மொழியின் முழுஎண் மாற்றம் அத்தகைய சரத்தை ஏற்காமல் பிழையை அறிவிக்கின்றது. 1890 இல் ஹாலரித்தின் பொறியில் மணி ஒலிக்காமல் ஒதுக்கப்பட்ட அட்டையும் இதே தேவையையே நிறைவு செய்தது.