ஊரே ஜாமீன்! குடியானவர்களின் கடன் விலங்கை உடைத்த ரெய்பைசன்

ஜெர்மனி நாட்டில் ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்டு என்று ஒரு மேட்டுப் பிரதேசம் இருக்கிறது. குளிர் அதிகம். மண்ணில் வளம் குறைவு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வாழ்ந்த குடியானவர்களில் பெரும்பாலோருக்குத் துண்டு துண்டான சிறு நிலங்களே சொந்தம். கொட்டிலில் ஒரு பசு இருந்தால் அவர் பாக்கியசாலி. அந்தப் பசுதான் பால் கொடுத்தது, ஏர் இழுத்தது, நிலத்துக்கு எருவும் கொடுத்தது. பசு போய்விட்டால் நிலமும் சத்து இழந்து போகும்.

அந்தப் பசுவைக் காப்பாற்றத் தம் வாழ்நாளைச் செலவிட்ட உத்தமர் பிரடரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன்.

பார்வை மங்கிய வாலிபர்

ரெய்பைசன் 1818-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தார். உடன் பிறந்தவர்கள் பலர். தாயார்தான் குடும்பத்தைக் கட்டிக் காத்தார். மேல்படிப்புக்கு வசதி இல்லை. ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். ஆனால் கண் நோய் வந்தது. 1843-ல் ராணுவத்தை விட்டு விலக நேர்ந்தது. பிறகு அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தார். 1845-ல், 27-வது வயதில், வையர்புஷ் வட்டாரத்துக்கு மேயர் ஆனார். பல கிராமங்கள் அவருடைய பொறுப்பில் வந்தன.

பஞ்சம் வந்தது

பதவி ஏற்ற மறு ஆண்டே சோதனை வந்தது. விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கையும் நோய் தாக்கியது. 1846-47 குளிர்காலத்தில் ஏழைகள் ரொட்டிக்குத் தவித்தனர்.

அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கப் பணம் கொடுப்பவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டினி கிடப்பவனிடம் ரொக்கம் ஏது? ரெய்பைசன் துணிந்தார். மாவைக் கடனாகவே வழங்கினார். வசதி உள்ளவர்களைக் கூட்டி, ரொட்டிச் சங்கம் ஒன்றை அமைத்தார். ஊர்ப் பொதுவில் ரொட்டி அடுப்பு கட்டப்பட்டது. சந்தை விலையைவிடக் குறைந்த விலையில் ரொட்டி கிடைத்தது. அடுத்த சாகுபடிக்கு விதைக் கிழங்கும் வாங்கிக் கொடுத்தார்கள்.

பசி தீர்ந்தது. ஆனால் பசிக்கு மூல காரணமான கடன் தீரவில்லை.

மாட்டுக் கடன் கொடுமை

1848-ல் பிளாமர்ஸ்பெல்டு என்ற ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் கண்ட கொடுமை வேறு விதமானது. குடியானவன் கடனுக்கு மாடு வாங்குவான். தவணை தவறினால் வியாபாரி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசியில் நிலமே ஏலத்துக்கு வரும்.

1849-ல் வசதியுள்ள சுமார் 60 பேரைச் சேர்த்து உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் தங்கள் சொத்து முழுவதையும் ஜாமீனாகக் காட்டிப் பணம் திரட்டினார்கள். சங்கம் மாடு வாங்கிக் கொடுத்தது. குடியானவன் ஐந்து ஆண்டுத் தவணையில் பணத்தைத் திருப்பிக் கட்டினான்.

1852-ல் ஹெட்டஸ்டார்ப் என்ற ஊருக்கு மேயராகப் போனார். 1854-ல் அங்கேயும் ஒரு தர்ம சங்கம் நிறுவினார். கடன் கொடுப்பது, அநாதைக் குழந்தைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது, புத்தகசாலை நடத்துவது என்று சங்கத்தின் வேலைகள் பல.

தர்மம் தளர்ந்தது

ஆனால் நாளாவட்டத்தில் பணக்காரர்களின் உற்சாகம் குறைந்தது. ஜாமீன் அவர்களுடையது, லாபமோ மற்றவர்களுடையது. எத்தனை காலம் இரக்கம் தாங்கும்? ஒவ்வொருவராக ஒதுங்கத் தொடங்கினார்கள்.

ரெய்பைசனுக்கு இது பெரும் ஏமாற்றம். இரக்கத்தை நம்பிய சங்கம் நிலைக்காது என்று கண்டார். கடன் வாங்குகிறவனே சங்கத்தின் உறுப்பினராக வேண்டும். அவனே ஜாமீனும் நிற்க வேண்டும். 1864-ல் ஹெட்டஸ்டார்ப் சங்கம் கடன் சங்கமாக மாறியது.

நான்கு விதிகள்

சங்கத்தின் எல்லை ஒரு சிறு வட்டாரம்தான். யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இது முதல் விதி.

ஒருவன் கடனை அடைக்கத் தவறினால் எல்லோருடைய சொத்தும் பொறுப்பு. ஆகவே வாங்கிய பணம் மாட்டுக்கும் விதைக்கும் போகிறதா, சாராயக் கடைக்குப் போகிறதா என்று ஊரே கவனிக்கும். இது இரண்டாவது.

நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபம் பங்கு போடப்படாமல் பொது நிதியில் சேரும். இது மூன்றாவது.

நிலத்தின் வருமானம் மெதுவாக வருவது. அதனால் கடனுக்கும் நீண்ட தவணை. இது நான்காவது.

இந்தக் கடைசி விதியைப் பலர் ஆட்சேபித்தார்கள். நகரத் தொழிலாளர்களிடையே கடன் சங்கங்களை வளர்த்த ஷூல்ஸ்-டெலிட்ஷ் கடுமையாகவே எதிர்த்தார். டிபாசிட்டாரர் திடீரென்று பணத்தைக் கேட்டால் என்ன செய்வது என்பது அவர் வாதம். அதற்கு விடையாகத்தான் 1872-ல் ரைன் பகுதிச் சங்கங்களுக்கு ஒரு மத்திய பாங்கு ஏற்பட்டது. மிஞ்சிய ஊரின் பணம் வேண்டிய ஊருக்குப் போயிற்று.

உரம், விதை, கருவிகளைச் சங்கங்கள் மொத்தமாக வாங்கின. தனி ஆளாக நின்று ஏமாந்த சிறு விவசாயிக்கு நியாய விலை கிடைத்தது. மாடும் எருவும் நிலைத்த நிலத்தில் விளைச்சலும் நிலைத்தது.

இருளில் எழுதிய ஒளி

இதற்குள் ரெய்பைசனின் சொந்த வாழ்க்கை இடிந்து கொண்டிருந்தது. 1863-ல் மனைவி எமிலி இறந்தார். பார்வை மிகவும் மங்கியது. உடல் நலமும் கெட்டது. 1865-ல், 47 வயதிலேயே, பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பென்ஷன் போதவில்லை. சுருட்டுத் தொழிலும் பிறகு ஒயின் வியாபாரமும் செய்து குடும்பத்தை நடத்தினார்.

மூத்த மகள் அமலி தந்தைக்குக் கண்ணாக இருந்தார். தந்தை சொல்லச் சொல்ல மகள் எழுதினார். கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி அவர் தயாரித்த நூல் 1866-ல் வெளிவந்தது. அதைப் படித்துப் பல ஊர்களில் சங்கங்கள் தோன்றின.

1888-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ரெய்பைசன் காலமானார். எழுபது வயது நிறையச் சில நாட்களே இருந்தன. அப்போது அவர் வழியில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் நடந்து வந்தன.

தமிழ் மண்ணிலும்

நான்கு ஆண்டுகள் கழித்து, 1892-ல், சென்னை ராஜதானி அரசாங்கம் பிரடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் அவருடைய அறிக்கை இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இந்த நாட்டுக்கும் ஒரு ரெய்பைசன் வேண்டும் என்பதே அதன் சாரம். 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு திருவள்ளூருக்கு அருகே திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் பாங்குகள் இன்றும் ரெய்பைசன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கூட்டுறவு என்னும் கருத்தையே 2016-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

செல்வர்களின் இரக்கம் சில ஆண்டுகளே தாங்கியது. ஏழைகள் ஒருவருக்கு ஒருவர் கொடுத்த ஜாமீனோ நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது!