நீலம் சிவந்தால் நீரிழிவு!

மரக்காணம் உப்பளத்து உப்பை நாக்கில் வைத்தால் தெரியும். சிறுநீரில் சர்க்கரை இருப்பது எப்படித் தெரியும்? எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தார்கள், அந்தக் காலத்தில்!

பிறகு ஜெர்மனி நாட்டு பெலிங் ஒரு நீலக் கரைசல் கண்டுபிடித்தார். கலந்து வைத்தால் அது கெட்டுவிடும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஸ்டான்லி பெனடிக்ட். 1884-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். மயில்துத்தம், சலவைச் சோடா, சிட்ரேட் உப்பு மூன்றையும் கலந்து, கெடாத கரைசலை 1909-ல் தந்தார்.

அதில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையா? நீலம் மாறாது. இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம்! துத்தத்தில் உள்ள செம்பு சிவப்புத் தூளாகப் படிந்துவிடும்.

1922-ல் இன்சுலின் ஊசி வந்தது. அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. நோயாளிகள் வீட்டிலேயே நிறம் பார்த்து எச்சரிக்கையாக இருந்தார்கள்.

1936-ல் பெனடிக்ட் மறைந்தார். கல்லூரிச் சோதனைக் கூடங்களில் அவர் பெயர் தாங்கிய நீலப் புட்டி இன்றும் இருக்கிறது.