ஆனந்தரங்கப் பிள்ளையின் குடும்ப விருத்தாந்தம்

தம் முன்னோர் எவ்வூரிலிருந்து வந்தார்கள், யாது தொழில் செய்தார்கள், எத்தகைய இன்னல்களைக் கடந்தார்கள் என்று அறிய விரும்பாதார் ஒருவரும் இலர். ஆயினும் பாட்டனாரின் தந்தை பெயரைத் தயங்காது சொல்ல வல்லவர் நம்முள் மிகச் சிலரேயாவர். திதி கொடுக்குங்கால் மூன்று தலைமுறைப் பெயர்களை உச்சரிக்கின்றோம். அதற்கு அப்பால் இருள் சூழ்ந்துவிடுகின்றது. இக்குறையைப் பற்றி எண்ணுந்தோறும் நினைவுக்கு வருபவர் யாதவ குலத்தில் தோன்றிப் புதுச்சேரியில் பெரும்புகழ் எய்திய ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள். அவருடைய செல்வத்தையும் அதிகாரத்தையும் பலர் எடுத்துப் பேசியுள்ளனர். அவர் குடும்பம் வீழ்ந்த வரலாற்றையும், வீழ்ந்தபின் எழுந்த வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கமாக உரைக்கப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிலே பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வர்த்தகத்தில் தேர்ந்தவர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஊர் வர்த்தகரிடம் சரக்குப் பேசி முடிப்பதும், நெசவாளர்க்கு முன்பணம் கொடுப்பதும், நவாபு முதலியோரிடம் தூது நடத்துவதும் எல்லாம் அவர் கையிலே இருந்தன. நைனியப்பரின் யோசனைப்படி திருவேங்கடம் பிள்ளை தம் குடும்பத்துடன் புதுச்சேரியில் வந்து குடியேறினார்.

அக்குடும்பத்தின் மேல் 1716-ஆம் ஆண்டில் இடி விழுந்தது. கவர்னர் எபேர் என்பவர் நைனியப்பர்மேல் கொடுங்கோன்மை, கலகமூட்டல் என்னும் குற்றங்களைச் சுமத்திச் சிறையிலிட்டார். அவர் பதவியை ஒரு கிறிஸ்தவருக்கு அளிக்க வேண்டுமென்று சேசு சபைக் குருமார் நெடுநாளாக வற்புறுத்தி வந்தனர். நைனியப்பர் தமிழும் போர்த்துக்கீசும் அறிந்தவர், பிரெஞ்சு எழுத்தறியாதவர். அங்ஙனமிருக்க, விசாரணை பிரெஞ்சிலே எழுதப்பட்டு, தாம் வாசிக்க மாட்டாத காகிதங்களில் அவர் கையெழுத்திடும்படி நேர்ந்தது. பொது இடத்தில் 50 சவுக்கடி, மூன்று வருஷம் சிறை, 8,888 வராகன் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. நேற்றுவரை ஊரார் வணங்கிய ஒருவர் கடைவீதியில் அடியுண்டார். திருவேங்கடம் பிள்ளையும் அவருடன் சிறைப்பட்டார். அப்பொழுது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு. மறு ஆண்டில், 1717-இல், நைனியப்பர் சிறையிலேயே உயிர் நீத்தார்.

இத்தகைய பழி சூழ்ந்தவிடத்துப் பெரும்பாலார் ஊரை விட்டகன்று, பழைய பெயரையும் மறைத்து வாழ்வர். இக்குடும்பத்தார் அங்ஙனம் செய்தாரல்லர். நைனியப்பரின் மக்களும் திருவேங்கடம் பிள்ளையும் பிரான்சு தேசத்து அதிகாரிகளுக்கு மனுக்கள் எழுதினர். தமக்குத் தெரியாத பாஷையில் கையெழுத்து வாங்கிய அநீதியை அவற்றில் விளங்க எடுத்துரைத்தனர். எபேருக்குப் பகைவரான பிரெஞ்சு வர்த்தகரும், வேறொரு சபையைச் சார்ந்த குருமாரும் அவர்கட்குத் துணை நின்றனர். நைனியப்பரின் மூத்த மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பாரிஸ் நகரம் சென்றார். அங்கே அவர் கிறிஸ்து மதம் தழுவினார். அரசப் பிரதிநிதியாகிய ஓர்லேயான் கோமகனே அவர்க்கு ஞானத் தந்தையானார். புனித மிக்கேல் வீரர் என்னும் பட்டமும் கிடைத்தது. முடிவில் முந்திய தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. தந்தையைச் சவுக்கடிக்கு உள்ளாக்கிய அதே ஊருக்கு மகன் திரும்பி வந்து, 1722-இல் தந்தையின் பதவியில் அமர்ந்தார். ஆனால் 1724-இலேயே அவர் காலமானார். தந்தையின் பெயரை மீட்பதற்காக அவர் கொடுத்த விலை யாதென்பதைத் தம் மனத்துக்கேற்ப அவரவர் மதித்துக் கொள்க.

சிறைவாசத்துக்குப்பின் சென்னை சென்றிருந்த திருவேங்கடம் பிள்ளை, பின்வந்த கவர்னர் அழைக்கப் புதுச்சேரிக்கு மீண்டு, மீளவும் பொருளீட்டி, 1726-இல் உலகை நீத்தார். ஆனந்தரங்கருக்கு அப்பொழுது வயது பதினேழு. கவர்னர் லெனுவார் இவருடைய நேர்மையை அறிந்து பரங்கிப்பேட்டைக் கிடங்கின் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். சொந்த வாணிகமும் வளர்ந்தது. ஆனந்தப் புரவி என்னும் இவரது கப்பல் கடலிலே உலவிற்று. தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் 1746-இல் இறந்தபின், கவர்னர் டூப்ளே 1747-இல் அப்பதவியை இவர்க்கு அளித்தார். முஸாபர் ஜங்கு என்னும் தக்கணத்துச் சுபேதார் இவர்க்கு 3,000 குதிரைக்கு உரிய மன்சப் வரிசையும் செங்கற்பட்டில் ஜாகீரும் தந்தார். புலவர் பலர் இவரைப் பாடினர். சீனிவாச கவி என்பவர் 1752-இல் வடமொழியில் இயற்றிய ஆனந்தரங்க விஜய சம்பு இவருடைய வம்சத்தையும் வாழ்வையும் பொருளாகக் கொண்டது.

புலவர் பாடும் வம்சாவளி ஒரு வகை. உள்ளவாறு எழுதும் வம்சாவளி மற்றொரு வகை. முன்னதில் எல்லாரும் கொடையாளிகள், எல்லாரும் வீரர்கள். பின்னதைப் பிள்ளையவர்கள் தாமே நமக்கு வைத்துப் போனார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் தொடங்கி 1761 ஜனவரி வரையில், ஏறக்குறைய 25 ஆண்டுகள், தாம் கண்டதையும் கேட்டதையும் தினசரியாக எழுதி வந்தார். இலக்கண நடையில் அன்று; அக்காலத்துப் புதுச்சேரியில் பேசிய தமிழிலேயே எழுதினார். கப்பல் வந்ததும், சரக்கின் விலையும், 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதிலே உண்டு. வீட்டில் நிகழ்ந்த நன்மை தீமைகளும், சகுனமும், சோதிடமும், தமக்கு நேர்ந்த அவமதிப்பும், பிறர்மேல் தமக்கிருந்த மனத்தாங்கலும் அதிலே உண்டு. டூப்ளேயின் மனைவியார் தமக்கு எதிராகச் செய்தனவற்றையும் மறைக்காது குறித்தார். கனகராய முதலியாரின் ஒரே மகன் முன்னரே இறந்திருந்தமையால், அவர் சொத்துக் குறித்து அவர் தம்பிக்கும் மனைவிக்கும் எழுந்த வழக்கையும் விரிவாக எழுதியுள்ளார். ஆகவே அந்நூல் ஒரு குடும்பத்துக்கு மட்டுமன்றிப் பல குடும்பங்களுக்குச் சாட்சியாக நிற்கின்றது.

டூப்ளே 1754-இல் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டபின் பிள்ளையவர்களின் செல்வாக்குக் குறைந்தது. 1756-இல் கவர்னர் லெறி இவரைப் பதவியினின்று நீக்கினார். நோயும் கவலையும் சூழ்ந்த அந்நாட்களிலும் இவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை. 1761 ஜனவரி மாதம் 16-ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நாட்களை ஒட்டியே இவர் வாழ்வும் முடிந்தது. இவர்க்குப் பின் இவர் குடும்பத்தாரும் நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தனர்.

இவை யாவும் 85 ஆண்டுக் காலம் பழஞ்சுவடியாய் உறங்கின. 1846-ஆம் ஆண்டு கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இவற்றைக் கண்டெடுத்துப் பிரதி செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தார் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டனர். தமிழ்மூலம் புதுச்சேரியில் 1948 முதல் அச்சேறத் தொடங்கிற்று. அவர் எழுதிய தமிழை நம்மவர் அச்சில் காண்பதற்கு முன்பே அயல்மொழியார் படித்துவிட்டனர் என்பது நாம் நாணத்தக்கதே. பிள்ளையவர்கள் 1738-இல் கட்டி முடித்த மாளிகை, கீழ்த்தளம் நம் நாட்டு முறையில் மரத்தூண்களும் மேல்தளம் பிரெஞ்சு முறையில் கட்டடத் தூண்களுமாகப் புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கின்றது.

குடும்ப வரலாறு தேடப் புகுவார் இவ்விருத்தாந்தத்தினின்று கைக்கொள்ளத் தக்கவை மூன்று. முதலாவது, தந்தை வழியை மட்டும் பற்றிச் செல்லலாகாது. நைனியப்பர் திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர். கொண்டு கொடுத்த உறவை விட்டுவிட்டால் இக்குடும்பம் புதுச்சேரிக்கு வந்த காரணமே விளங்காது. ஆதலின் வீட்டிலுள்ள மூதாட்டியரையே முதலில் கேட்டல் வேண்டும். இரண்டாவது, பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது. திருவேங்கடம் என்னும் பெயர் இக்குடும்பத்திலே தலைமுறைதோறும் வருகின்றது. ஆண்டும் ஊரும் ஒத்துப்பார்த்தே இன்னார் என்று துணிய வேண்டும். மூன்றாவது, இழிவு என்று எண்ணி எதனையும் மறைக்கலாகாது. சிறைப்பட்ட செய்தியை மறைத்திருப்பின், அப்பழி நீங்கிய செய்தியும் அதனுடன் மறைந்தொழிந்திருக்கும்.

ஆதலின், நம் சங்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் கிரயப் பத்திரம், ஜாதகக் குறிப்பு, பற்று வரவுக் கணக்கு, மொய்க் கணக்கு ஆகியவற்றைச் செல்லுக்கு இரையாக்காது எடுத்து வைப்பார்களாக. பெரியோர் நினைவிலுள்ளவற்றை அவர்கள் இருக்கும்போதே கேட்டு, நாளும் ஊரும் இட்டு ஒரு புத்தகத்தில் எழுதுவார்களாக. கடைவீதியில் அடியுண்ட ஒருவரின் பெயர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மாசின்றி நிற்பது, அவர் சுற்றத்தார் எழுதிய மனுக்களாலும் பாதுகாத்த ஏடுகளாலும் அன்றோ!