மருத்துவம் படிக்கப் போன டார்வின்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், டார்வினைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் உண்டு. 1974-இல் பி.யூ.சி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். உடற்கூறு அறையின் ஃபார்மலின் வாடையும் அங்கே கண்டதும் எனக்கு ஒத்துவரல. மூன்றே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் திரும்பினேன். அப்பா ரெண்டு மாசம் என்கிட்ட பேசல. மறு ஆண்டு நம் கல்லூரி விலங்கியல் வகுப்பில், கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு டார்வினின் வாழ்க்கையைச் சொன்னவர் எங்கள் பேராசிரியர்.

சார்லஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்தார். தாத்தா டாக்டர், அப்பா ராபர்ட்டும் பேர்போன டாக்டர். எட்டு வயதில் தாயை இழந்த சிறுவனுக்குப் பள்ளிப்பாடம் ஏறவில்லை. சிப்பி, கல், பூச்சி சேர்ப்பதில்தான் நாட்டம்.

1825 கோடையில் அப்பாவுடன் ஏழை நோயாளிகளைப் பார்க்கப் போனார். நோய்க்குறிகளைக் கேட்டு எழுதி வருவார். அப்பா மருந்து சொல்வார். அந்த வேலை பிடித்திருந்தது. நோயாளிகளின் நம்பிக்கையைப் பெறக்கூடியவன், நல்ல டாக்டராக வருவான் என்று அப்பாவும் முடிவு கட்டினார்.

அந்த அக்டோபரிலேயே, 16 வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே விரிவுரைகள் சலிப்பூட்டின. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார். ஒன்று ஒரு குழந்தைக்கு. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அதே ஊரில் சிம்ப்சன் குளோரோபார்மைப் பயன்படுத்தியது 1847-இல்தான். முடியும்வரை நிற்க முடியாமல் வெளியே ஓடிவந்த டார்வின், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் அந்த இரண்டு வருஷம் வீணாகப் போகவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பினத்தவரிடம் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றார். ராபர்ட் கிராண்ட் என்ற அறிஞரோடு கடற்கரையில் சிற்றுயிர்களைத் தேடினார். 1827 மார்ச்சில் மாணவர் சங்கம் ஒன்றில் தன் முதல் கண்டுபிடிப்பை வாசித்தார்.

அதே ஆண்டு மருத்துவத்தை விட்டார். அப்பா அவரைப் பாதிரியாராக்க எண்ணி கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் நட்பு கிடைத்தது. அவர் மூலமாக வந்த பீகிள் கப்பல் வாய்ப்பை அப்பா முதலில் மறுத்து, மாமா எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். 1831 டிசம்பர் 27 முதல் 1836 அக்டோபர் வரை அந்தப் பயணம். 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்தது. 1882-இல் காலமானார்.

டார்வினின் அப்பாவுக்கும் இளமையில் இரத்தத்தைக் கண்டால் ஆகாதாம்! தம் தந்தையின் கட்டாயத்தால்தான் அவரும் டாக்டரானார். அப்படிப்பட்டவரே தம் மகனையும் அதே வழியில் அனுப்பினார்.

மாணவத் தம்பி தங்கைகளே, இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். அப்பாவின் சொத்து இருந்ததால் டார்வினுக்குப் பிழைப்புக் கவலை இல்லை. நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது. உடலறுப்புப் பயிற்சியைச் சரியாகக் கற்காததற்காக அவரே பிற்காலத்தில் வருந்தினார். ஆகவே நீட் எழுதுமுன் நாலு நாள் ஓர் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் நின்று பாருங்கள். டாக்டர், நர்ஸ், லேப் ஊழியர் என்று எல்லோரிடமும் பேசுங்கள். பிடித்திருந்தால் உறுதியாகப் போங்கள். சேர்ந்த பிறகு முடியவில்லை என்றால், ஒளிக்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

பெற்றோராகிவிட்ட என் வகுப்புத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை பெட்டியோடு திரும்பி வந்தால், முதலில் சோறு போடுங்கள். இந்தக் கதையை அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு வந்தபோது அவர் இல்லை. அதனால்தான் இங்கே எழுதினேன்.