பல்லாவரத்துப் பொதுநிலைக் கழகமும் மறைமலையடிகளும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் பல்லாயிரவர் மறைமலை நகரைக் கடந்து செல்கின்றனர். அந்நிலையத்தின் பெயரில் அடிகளாரோடு காமராசரும் இணைந்து நிற்கிறார். வெளியூரார் பலர் இவ்வூரை அறிந்தது போர்டு மகிழுந்துத் தொழிற்சாலையால். அத்தொழிற்சாலையும் 2022ஆம் ஆண்டில் மகிழுந்து செய்வதை நிறுத்தியது. இலாபம் குன்றியவிடத்து ஒரு வணிக நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு புறப்படலாம். அதனை யாரும் அறம் பிழைத்ததென்று சொல்வதில்லை. தொண்டுக்கென்று தோன்றிய கழகங்களும் கல்விச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் அவ்வாறு புறப்பட்டுவிட முடியாது. உலகம் மாறுந்தோறும் எதனை மாற்றிக்கொள்வது, எதனை விடாது பற்றிக்கொள்வது என்னும் வினா அவற்றின் வாயிலில் வந்து நிற்கிறது. பொருள் எங்கிருந்து வருகிறதோ அப்பக்கமே நோக்கமும் மெல்லச் சாய்ந்துவிடுவதை நாம் பலவிடங்களிற் காண்கிறோம்.

இவ்வூருக்குப் பெயராக நிற்பவர் யார் என மாணவரைக் கேட்டால் தனித்தமிழ் இயக்கத் தந்தை என்று விடை வரும். தேர்வுக்கு அது போதும். ஆயின் அவர் இதே நெடுஞ்சாலையின் வடபால், பல்லாவரத்தில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து ஒரு கழகத்தை நடத்தியவர் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அக்கழகத்தின் வழியே அவர் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

அடிகள் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். நெடுநாள் மகப்பேறின்றியிருந்த பெற்றோர் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் வேதாசலம் எனப் பெயரிட்டனர். அத்திருக்கழுக்குன்றம் இன்றைய மறைமலை நகருக்கு அருகிலேயே உள்ளது. குழந்தைக்குப் பெயர் தந்த மலையும், அக்குழந்தை பின்னாளில் ஊருக்குத் தந்த பெயரும் ஒரே மாவட்டத்தில் அமைந்தது தற்செயலே எனினும் இனிமையானது.

நாகையில் வெசுலியன் கிறித்தவப் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்தபோதே தந்தை மறைந்தார். பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. புத்தகக் கடை நடத்திவந்த நாராயணசாமி பிள்ளையிடம் தமிழிலக்கண இலக்கியங்களையும், சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தத்தையும் கற்றார். பட்டம் ஒன்றும் பெறாத அவ்விளைஞர் 1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அங்கே தமிழ்த்துறையில் வீற்றிருந்தவர் பரிதிமாற்கலைஞர். கல்லூரி அந்நாளில் சென்னைக் கோட்டைக்கு அருகில் இருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937இல். கிறித்தவப் பாதிரிமார் நடத்திய கல்லூரியில் சைவப் பற்று மிக்க ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்தார் என்பதை நம் போன்ற சிறுபான்மையினர் கல்லூரிகளிற் பணியாற்றுவோர் எளிதில் உணர்ந்துகொள்ள முடியும். நம் கல்லூரிகளிலும் தமிழ் வகுப்பறை எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாகவே இருந்து வந்துள்ளது.

இப்பதின்மூன்று ஆண்டுகளில் அவர் கற்பித்தலோடு நின்றாரல்லர். 1902இல் ஞானசாகரம் என்னும் இதழைத் தொடங்கினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்ற முன்னின்றார். தமிழரல்லாதாரையும் எட்டும் பொருட்டு 1908இல் ஆங்கிலத்திலும் ஓர் இதழ் நடத்திப் பார்த்தார்.

1911 அவர் வாழ்வின் திருப்புமுனை. பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடம் என்னும் நிலையிலிருந்து விலக்கியது. கல்லூரிகளில் தமிழாசிரியர் தேவை சுருங்கியது. அடிகள் கல்லூரியை விட்டு வெளியேறினார். வேறொரு கல்லூரியையோ அலுவலகத்தையோ நாடாமல், குடும்பத்தோடு பல்லாவரம் சாவடித் தெருவிற் குடியேறினார். அவ்வாண்டிலேயே துறவும் மேற்கொண்டார். சமரச சன்மார்க்க நிலையத்தையும் நிறுவினார். இன்று தமிழிலக்கிய வகுப்பில் இருக்கைகள் நிரம்பாத ஆண்டுகளில், அவ்வறையை வேறு துறைக்கு ஒதுக்கினால் என்ன என்னும் குரல் எழும்போதெல்லாம் நமக்கு 1911 நினைவுக்கு வருவதுண்டு.

நிலையத்தின் கொள்கைகள் இராமலிங்க அடிகளின் நெறியைத் தழுவியவை. இறைவன் ஒருவனே; மக்களுள் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை; எவ்வுயிர்க்கும் இரக்கம் வேண்டும்; கொலையும் புலாலும் ஆகா. இவற்றைத் தமிழ் வழியே மக்களிடம் பரப்புவது அதன் பணி. கொல்லாமையை இத்துணை உறுதியாகக் கொண்ட கழகத்தில் நம்மவருள் எத்தனை பேர் உறுப்பினராகியிருக்க முடியும் என்று எண்ணிப் புன்முறுவல் பூப்பதும் உண்டு. அது நிற்க.

சம்பளம் நின்றபின் நிலையத்தை எதனால் நடத்துவது? நூல் விற்பனையும் சொற்பொழிவுகளுக்குக் கிடைத்த அன்பளிப்பும் அவருக்குத் துணையாயின. 1914இல் இலங்கைக்குச் சென்றார். 1917, 1921 ஆண்டுகளிலும் சென்றார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர் திரண்டு கேட்டனர். கடல் கடந்த தமிழரின் ஆதரவில் ஓரளவு தாங்கி நின்ற முற்காலக் கழகங்களுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். பல்லாவரத்திலேயே அச்சுக்கூடம் அமைத்துத் தம் நூல்களைத் தாமே பதிப்பித்தார். பிறர் கருத்துக்கு வளையாமல் எழுத விரும்புவோனுக்குத் தன் அச்சுக்கூடம் எத்துணைப் பெரிய அரண் என்பதைப் பதிப்பாளரை அணுகி அலைந்தவர்கள் அறிவர்.

1916ஆம் ஆண்டை ஒட்டித் தனித்தமிழ் உணர்வு அவரிடம் உறுதிப்பட்டது. மகள் நீலாம்பிகையோடு இராமலிங்க அடிகள் பாடல் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தேகம் என்ற சொல்லின் இடத்தில் யாக்கை என்றிருந்தால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று தோன்றிய நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அதன் பின் வேதாசலம் மறைமலையானார், ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று, சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. முன்னர் எழுதிய நூல்களையும் அடுத்த பதிப்புகளில் வடசொற்களைக் களைந்து திருத்தலானார். பதினான்கு ஆண்டுகளாகப் படிப்போர் நாவிற் பழகிய பெயரை ஓர் இதழாசிரியர் கைவிடுவது சிறிய துணிவன்று. வடமொழிப் பற்றுடைய சைவ அன்பர்கள் மனம் புண்பட்டனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மாறியவை பெயரும் மொழிநடையும். ஒருவனே இறைவன், பிறப்பொக்கும் மாந்தர், தமிழ் வழியே அறிவு என்ற மூன்றும் 1911இல் இருந்தவாறே இருந்தன. சன்மார்க்கம் என்றபோது விளங்காத எளியவனுக்குப் பொதுநிலை என்றபோது விளங்கும் என்பதே அம்மாற்றத்தின் பயன். நோக்கத்திற்கு நெருக்கமாகச் செல்லும் பொருட்டு வடிவத்தை மாற்றினார். பல சங்கங்கள் பெயரையும் முத்திரையையும் பொன்போற் போற்றிக்கொண்டு, உள்ளிருக்கும் பணியை ஓசையின்றி மாற்றிவிடுகின்றன. அதற்கு இது நேர் எதிரானது.

இவ்விடத்தில் எம் குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு முசுலிம்கள் தனித்தமிழ் இயக்கத்திற்கு நெடுங்காலம் முன்பே தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று வழங்கி வந்தவர்கள். அரபுச் சொற்களை அறிந்திருந்தும் வழிபாட்டின் நடுச்சொற்களைத் தமிழில் வைத்துக்கொண்டவர்கள். ஆகவே அடிகளின் முயற்சி எமக்கு அயலானதாகத் தோன்றியதில்லை. அவர் பிறந்த நாகையை அடுத்தே நாகூர் இருக்கிறது என்பதையும் மறக்கவியலாது.

எனினும் நெருடும் இடமும் உண்டு. பொதுநிலை என்பது எல்லார்க்கும் பொதுவான நிலை. அதனை நிறுவியவரோ 1923இல் வேளாளர் நாகரிகமும் 1941இல் தமிழர் மதமும் எழுதினார். சைவமே தமிழரின் சமயம் என்பது அவர் முடிந்த முடிபு. அந்தத் தமிழருள் நாம் அடங்குவோமா என்று அந்நூலைப் புரட்டும்போது கேட்கத் தோன்றுகிறது. கழகத்தின் நோக்கம் விரிந்தது. தலைவரின் பற்று அதனினும் சற்றே குறுகியது. இவ்விடைவெளியை மறைத்து எழுதுவது அடிகளுக்குச் செய்யும் சிறப்பாகாது.

ஆயின் 1931ஆம் ஆண்டை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுநிலைக் கழகத்தின் இருபதாம் ஆண்டு விழா பல்லாவரத்தில் நடந்தது. சாதி வேறுபாடின்றி யாவரையும் கோயிலுள் விட வேண்டும் என்று அவ்விழாவில் தீர்மானம் நிறைவேறியது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்தது 1939இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முற்பட்ட தீர்மானம் இது. சைவர்களே மிகுதியாகக் கூடிய அவையில், அவர்களுள் பலர்க்குக் கசக்கும் என அறிந்தே இயற்றியது. தொடக்கக் கொள்கையில் எழுதியிருந்த சாதியின்மை இருபது ஆண்டுகள் கழித்தும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடவில்லை. சாதி வேற்றுமையும் போலிச் சைவரும் என்ற நூலில் தம் சமயத்தாரையே அவர் கடிந்ததும் இவ்வழிப்பட்டது.

அரசியற் காற்று மாறியபோதும் இவ்வாறே நின்றார். தன்மதிப்பு இயக்கத்தின் கடவுள் மறுப்பை வன்மையாக எதிர்த்தார். 1937இல் பள்ளிகளில் இந்தி நுழைந்தபோது அதே இயக்கத்தாரோடு எதிர்ப்பு மேடையில் நின்றார்; இந்தி பொதுமொழியா என்னும் நூலை எழுதினார். இது முரண்பாடென்று கூறுவாருளர். தமிழ் வழியே அறிவு என்னும் நோக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் முரண்பாடு புலப்படவில்லை.

மற்றொரு செய்தி. இத்துணைத் தனித்தமிழ்ப் பற்றுடையவர் தம் நாட்குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வந்தார். 1935இல் மீண்டும் ஓர் ஆங்கில இதழையும் நடத்தினார். பிறமொழி கற்பதை அவர் ஒருபோதும் பகைத்ததில்லை என்பதை இன்றைய தனித்தமிழ் அன்பர்கள் சிலர் நினைவிற்கொள்வது நன்று.

அடிகள் 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மறைந்தார். கழகம் ஒருவர் தோளில் நின்றது. அத்தோள் சாய்ந்தபின் முன்போல் நடக்கவில்லை. உரிய வழித்தோன்றலை உருவாக்காமல் போனது அவர் குறையே என நாம் கருதுகிறோம். நூல்களைப் பொறுத்தமட்டில் அவர் அக்குறையை விடவில்லை. வாழ்நாளெல்லாம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள், மணிமொழி நூல்நிலையம் என்னும் பெயரில் பல்லாவரத்து இல்லத்தில் இருந்தன. அவை தமிழ் மக்கள் அனைவர்க்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் இறுதி விருப்பம். மருகர் திருவரங்கம் பிள்ளை முன்னின்று 1920இல் தோற்றுவித்த சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு அங்கே இயங்கியபின் அது கன்னிமரா நூலகக் கட்டடத்திற்கு இடம் மாறியது. ஆய்வேடு எழுதுவோர் எச்சாதியர், எச்சமயத்தர் என்று அந்நூல்நிலையத்தில் எவரும் கேட்டதில்லை. ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாம் இலிங்கிச் செட்டித் தெருப் படிகளை ஏறிய நாள்களில், வேண்டிய பழம்பதிப்பின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் எடுத்துத் தந்தார்கள்.