இரு சிறைகளின் கைதி

சிரியாவில் அலெப்போவுக்குத் தெற்கே உள்ள ஊர் மஅர்ரா. கி.பி. 973-இல் அங்குப் பிறந்த அபுல் அலா அல்மஅர்ரீ, நான்கு வயதளவில் அம்மைநோயால் பார்வையை இழந்தார். செவிவழிக் கல்வியே அவருக்கு வாய்த்தது. கேட்டதை மறவாத நினைவாற்றலே நூலகமாயிற்று.

1008-இல் பாக்தாது சென்றார். புலவர் அவைகளில் மதிப்புக் கிட்டியும், புரவலரைப் பாடிப் பொருள் பெறும் வழக்கம் அவருக்கு ஒவ்வவில்லை. 1010-இல் அன்னை நோயுற்ற செய்தி கேட்டுத் திரும்பினார். ஊர் சேருமுன் அன்னை மறைந்துவிட்டார். அதன்பின், 1057-இல் இறக்கும்வரை, வீட்டை விட்டு வெளியேறியது மிக அரிது. பார்வையின்மையையும் வீட்டையும் எண்ணித் தம்மை இரு சிறைகளின் கைதி என்று சொல்லிக்கொண்டார். மாணவர்களோ அச்சிறையைத் தேடி வந்தவண்ணம் இருந்தனர்.

அரபுச் செய்யுளின் அடியிறுதியில் ஓரெழுத்து ஒன்றி வந்தாலே இலக்கணம் நிறைவுறும். லுஸூமிய்யாத் என்னும் தொகுப்பில் இரண்டெழுத்து ஒன்ற வேண்டும் எனத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். நம் இயைபுத் தொடையில் உழன்றவர்க்கு அதன் அருமை புரியும். அக்கட்டுக்குள் நின்றே சமயவாணரின் போலித்தனத்தைச் சாடினார்.

இறைச்சி, பால், முட்டை, தேன் அனைத்தையும் துறந்தார். தேனீ தனக்கெனச் சேர்த்ததைக் கவர்வது அறமன்று என்பது அவர் கொள்கை. ஃபாத்திமிய அரசின் சமயத் தலைவர் அல்முஅய்யத் இதற்கு விளக்கம் கேட்டு எழுதினார். அபுல் அலாவின் மறுமொழிகள் பிடிகொடுக்காதவை. அவர் ஐயவாதியா, துறவுள்ளம் கொண்ட இறையடியாரா என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை.

ஐரோப்பாவில் மார்கோலியத் 1898-இல் அவருடைய மடல்களைப் பதிப்பித்தார். விண்ணுலகிலும் நரகிலும் பழம்புலவர்களைச் சந்திக்கும் மன்னிப்பின் மடல் என்னும் உரைநடைப் படைப்பை நிக்கல்சன் அறிமுகம் செய்தார். தாந்தேயின் காவியத்தில் இத்தகைய இசுலாமிய மறுமைக் கதைகளின் சாயல் உண்டென 1919-இல் அசீன் பலாசியோஸ் வாதிட்டார். ஒப்புமைகள் வியப்பளிப்பினும், தாந்தே இம்மடலை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை.

1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் இவரைப் பற்றி ஆய்ந்து முனைவரானவர் தாஹா ஹுசைன். அவரும் குழந்தைப் பருவத்தில் பார்வை இழந்தவர். அந்நூலில் ஆய்வாளர் தம்மையே காண்கிறார் என்பர். அதுவே அதன் உயிர் என்பது என் கருத்து. 1950-இல் பின்த் அஷ்ஷாத்தி மன்னிப்பின் மடலைச் செம்பதிப்பாக்கினார்.

2013-இல், சிரியப் போரின்போது, மஅர்ராவில் இருந்த அவர் சிலையின் தலையை ஆயுதக் குழுவினர் துண்டித்தனர். அதே ஆண்டு மன்னிப்பின் மடலின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு, முதல் தொகுதி, நியூயார்க்கில் வெளியாயிற்று.