ஒரு நாளைக்குப் பதினெட்டுச் சொல்

பிள்ளைகளே, இந்தப் பாடம் தமிழ் படித்த ஒரு ஜேர்மன்காரரைப் பற்றியது. அவர் 300 வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர். பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க். டொச் மொழியில் இந்தப் பெயரை ‘ட்ஸீகன்பால்க்’ என்று சொல்லுவார்கள். தமிழில் அவர் சீகன்பால்க் ஆகிவிட்டார்.

நீங்கள் நொய்கெல்னில் இருந்து தமிழ் படிக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் டொச், ஊ-பானில் டொச், கடையில் டொச், அரபு, துருக்கி எல்லாம் கேட்கும். தமிழ் கேட்பது வீட்டிலும், தமிழ் வகுப்பிலும், பிளாஷ்கோ அலேயில் இருக்கிற முருகன் கோயிலிலும் மட்டும்தான், இல்லையா? சீகன்பால்குக்கு இது நேர் எதிர். அவருடைய வீட்டுக்குள் டொச். வெளியே தெரு முழுக்கத் தமிழ். ஆனால் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை!

அவர் 1682-ஆம் ஆண்டு, டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துபோனார்கள். கொஞ்சக் காலம் இங்கே பேர்லினிலும் படித்தார். பிறகு ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருக்கு அடிக்கடி சுகமில்லாமல் வரும். அதனால் படிப்பை இடையில் நிறுத்த வேண்டி வந்தது.

அந்த நேரத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், கிறிஸ்தவ சமயத்தைச் சொல்லிக் கொடுக்க இந்தியாவுக்கு ஆள் தேடினார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடி என்ற ஊர் அப்போது டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. சீகன்பால்கும் அவருடைய நண்பர் புளுட்சவும் 1705 நவம்பரில் கப்பல் ஏறினார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம்! அப்போது சீகன்பால்குக்கு 24 வயதுதான் இருக்கும்.

தமிழ் படிக்க வேண்டும். ஆனால் எப்படி? உங்களிடம் இந்தப் புத்தகம் இருக்கிறது. அவரிடம் பாடப்புத்தகமும் இல்லை, அகராதியும் இல்லை.

ஊரில் ஒரு வயதான வாத்தியார் இருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். அந்த வாத்தியாரையும் பிள்ளைகளையும் சீகன்பால்க் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து, மணலில் விரலால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதினார்கள். பக்கத்தில் இவரும் உட்கார்ந்தார். அவர்கள் எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் தானும் மணலில் எழுதினார். நினைத்துப் பாருங்கோ! பல்கலைக்கழகத்தில் படித்த பெரிய ஆள், ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்!

எழுத்து வந்தது. வாசிக்கவும் வந்தது. ஆனால் வாசித்ததற்கு அர்த்தம் தெரியவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அதனால் இவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. உங்களில் சிலருக்கும் இப்படித்தானே? வடிவாக வாசிப்பீர்கள், ஆனால் என்ன வாசித்தோம் என்று தெரியாது. பிறகு அழகப்பன் என்பவர் உதவிக்கு வந்தார். அவருக்கு ஐரோப்பிய மொழிகளும் தெரியும். அவர் சொல்லச் சொல்ல, எழுத்துக்களுக்குள் இருந்த அர்த்தம் வெளியே வந்தது. அடுத்த வருடம், 1707 ஆகஸ்டில், தரங்கம்பாடியில் கட்டிய புதுத் தேவாலயத்தில் சீகன்பால்க் தமிழிலேயே பேசினார்.

எப்படி இவ்வளவு கெதியாகப் படித்தார்? அவர் ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தன்னுடைய நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காலை 7 மணிக்கு, முன்பு படித்து எழுதி வைத்த சொற்களைத் திரும்பப் பார்ப்பார். 8 மணிக்குப் புதுப் புத்தகம். பக்கத்தில் ஒரு வயதான புலவர் இருந்து அர்த்தம் சொல்லுவார். ஒரு எழுத்தர் புதுச் சொற்களை எழுதிக் கொள்ளுவார். இரவில் கண் களைத்துப் போகும். அப்போது வேறு ஒருவர் வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டு இருப்பார். அடுத்த நாளும் இதே வேலைதான்.

அந்தச் சொற்கள் எல்லாம் ஒரு அகராதிக்குள் போயின. 1712-இல் அதில் சுமார் 40,000 சொற்களும் சொற்றொடர்களும் இருந்தன. ஐயோ, 40,000 என்று பயப்படாதேங்கோ! கணக்குப் போடுங்கோ. ஆறு வருடத்தில் கிட்டத்தட்ட 2,190 நாட்கள். 40,000-ஐ 2,190-ஆல் பிரித்தால், ஒரு நாளைக்குச் சுமார் 18 சொல். அவ்வளவுதான்.

சொல்லை மட்டும் அவர் எண்ணவில்லை. தான் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களுக்கும் 1708-இல் ஒரு பட்டியல் எழுதினார். 100-க்கு மேல் ஓலைச்சுவடிகள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சில வரிகள். அதில் திருக்குறளும் இருக்கிறது. நீங்கள் படிக்கிற கொன்றை வேந்தனை அதே வருடம் டொச்சுக்கு மொழிபெயர்த்தார்.

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்ததா? இல்லை. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதத் தொடங்கினார். அடுத்த மாதமே, தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநருக்கும் அவருக்கும் பிரச்சினை வந்து, ஆளுநர் அவரைச் சிறையில் போட்டார். நான்கு மாதம்! வெளியே வந்ததும், நின்றுபோன வேலையைத் திரும்பத் தொடர்ந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். அது தரங்கம்பாடியில் அச்சாகி வந்தது 1714-இலும் 1715-இலும்தான்.

எல்லோரும் அவரைப் பாராட்டினார்களா? அதுவும் இல்லை. தமிழ் மக்கள் கும்பிடுகிற தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் அதை அச்சிடவில்லை. அந்தப் புத்தகம் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. அதாவது 154 வருடம் கழித்து! கைதட்டலுக்காகக் காத்திருந்தால் அவர் அடுத்த புத்தகத்தைத் தொடங்கியே இருக்க மாட்டார்.

1714-இல் ஐரோப்பாவுக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். அந்தக் காலத்திலேயே ஜேர்மனியில் ஒரு தமிழர் இருந்திருக்கிறார், பார்த்தீர்களா? 1716-இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணப் புத்தகம் அச்சானது. தான் தொடங்கும்போது கையில் இல்லாத புத்தகத்தை, பின்னால் வருகிறவர்களுக்காக அவரே எழுதிவிட்டார்! பிறகு திரும்பவும் தரங்கம்பாடிக்குப் போனார். 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு 36 வயது. ஹாலேயில் இருக்கிற பிராங்கே அறக்கட்டளையில் அந்தக் காலத்துத் தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பேர்லினில் இருந்து ரயிலில் போய்விடலாம்.

இப்போது உங்களிடம் வருவோம். அம்மம்மாவோடு போனில் கதைக்கும்போது, சுகமா, சாப்பிட்டீங்களா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறதா? அதற்கு மேல் சொல் வரவில்லையா? அப்போது எனக்குத் தமிழ் வராது என்று மனம் சொல்லும். தெரியாததை எண்ணினால் அது முடியவே முடியாது. 36 வயதிலும் சீகன்பால்குக்குத் தெரியாத தமிழ்ச் சொற்கள் கனக்க இருந்திருக்கும். ஆனால் அவர் எண்ணியது தெரிந்த சொற்களை.

நீங்களும் அதையே செய்யுங்கோ. 18 வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கோ. இன்றைக்குப் புதிதாக வந்த சொல்லை இரவுச் சாப்பாட்டில் ஒரு தடவை சொல்லுங்கோ. வீட்டில் எல்லோரும் கைதட்டட்டும்! ஒரு நாள் விட்டுப்போனால் கொப்பியை மூட வேண்டாம். அடுத்த நாள் அடுத்த வரியில் எழுதுங்கோ. ஒரு வருடத்தில் 1,095 சொல் வரும். அம்மம்மாவோடு நல்லாக் கதைக்கலாம்.

செய்து பாருங்கோ

1. சீகன்பால்க் முதலில் யாரோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார்? எதில் எழுதினார்?
2. வாசிக்கத் தெரிந்த பிறகும் அவருக்கு என்ன கஷ்டம் இருந்தது? யார் உதவினார்?
3. ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்றால், ஒரு வருடத்தில் எத்தனை சொல்?
4. இந்தப் பாடத்தில் உங்களுக்குப் புதிதாக வந்த மூன்று சொற்களைக் கொப்பியில் எழுதுங்கோ. நட்சத்திரம் போட மறக்காதேங்கோ!